ஒத்துவராத இரண்டு வளைவுகள்

ஒஸ்லோவின் ஓரத்து எல்லிங்ஸ்ருட்டில் குகதாசனின் கார் பனிக்காலம் முழுவதும் வெளியில்தான் நிற்கும். கராஜுக்குள் கோபுரம் இருந்தது. காலையில் வேலைக்குப் புறப்படுமுன் அவர் கார்க் கண்ணாடியில் இறுகிய பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்பார். உள்ளே, ஹீட்டர் போட்ட கராஜில், அவருடைய மனைவி புஷ்பராணி வெட்டி ஒட்டி வர்ணம் பூசிய தூண்களும் தாமரைகளும் பிள்ளையாரும் கதகதப்பாக இருப்பார்கள்.

"இந்த வீட்டிலை குளிர் எனக்கு மட்டும்தான்," என்பார் குகதாசன்.

"பிள்ளையாருக்கு வர்ணம் வெடிச்சால் நீங்களே பூசித் தருவியள்?" என்பாள் புஷ்பராணி. பேச்சு அதோடு முடியும்.

புஷ்பராணிக்குப் பகலில் பார்ணஹாகேயில் வேலை. சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, மழைக் காற்சட்டை மாட்டி, வாளிக்கும் மண்வெட்டிக்கும் நடக்கிற சண்டைகளைத் தீர்த்துவைப்பாள். பின்னேரங்களிலும் சனி ஞாயிறிலும் மணவறை. ஒஸ்லோவில் யாழ்ப்பாணத்துச் சனத்தின் கலியாணம் என்றால் மாப்பிள்ளை பொம்பிளை பெரும்பாலும் அவள் கட்டிய கோபுரத்துக்குக் கீழேதான் இருந்தார்கள்.

தொடங்கியது தற்செயலாகத்தான். அவளுடைய தங்கையின் கலியாணத்துக்கு டென்மார்க்கிலிருந்து வரவேண்டிய வாடகை மணவறை வராமல் போயிற்று. குளிர்சாதனப் பெட்டிகள் விற்கும் கடையின் பின்புறத்தில் எறிந்து கிடந்த, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரைப்பலகைகளை அள்ளிவந்து, கறிவெட்டும் கத்தியை அடுப்பில் சூடாக்கி வெட்டித் தூணாக்கினாள். தூண் கொஞ்சம் சரிந்துதான் நின்றது. ஆனாலும் தாலி ஏறியது. அதன்பிறகு கத்தியை விட்டு, மின்சாரத்தில் சூடேறும் கம்பிக்கு மாறினாள். அவளுடைய தூண் எதுவும் பிறகு சரியவில்லை.

மணவறையில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துவரவேண்டும். அதனால் எதையும் பாதிதான் வரைவாள். பாதிக்குக் கடதாசி அச்சு வெட்டி, அதை ரெஜிபோமில் வைத்துக் கம்பியை ஓட்டுவாள். பிறகு அதே அச்சைத் திருப்பிப் போட்டு மற்றப் பாதியை வெட்டுவாள். முன்பு ட்வெய்ட்டாவில் நடந்த ஒரு கலியாணத்தில் வலது தூணின் தாமரை தலைகீழாக ஒட்டுப்பட்டுவிட்டது. சாப்பாட்டுக் கோப்பையுடன் நின்ற குகதாசனின் தங்கை தக்ஷாயினி அதைக் கண்டுபிடித்தாள். அந்தக் கலியாணப் பொம்பிளைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தக்ஷாயினி இன்னும் அந்தத் தாமரையை விடவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் மணவறை கட்டியவளின் ஒரே மகளுக்கு மணவறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மகள் ஆரணி இங்கிலாந்தில் படித்தபோது சந்தித்த பையன் ஜெனுசன். அவனுடைய தகப்பன் வின்சென்றும் தாய் மேரினும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். ஆல்டன்ஃபோர்ட் என்ற சின்ன ஆற்றங்கரைப் பட்டினத்தில் பத்திரிகையும் பாலும் பாணும் விற்கும் கடை வைத்திருந்தார்கள். அந்தப் பட்டினத்தில் இருந்த ஒரே தமிழ்க் குடும்பம் அவர்களுடையதுதான். சம்பந்தி வீடு பார்க்கவென்று புஷ்பராணியும் குகதாசனும் ஆரணியும் அங்கே போனார்கள். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தேத்தண்ணியும் கேக்கும் வந்தன. கத்தோலிக்கக் கோயிலில் ஆசீர்வாதம் இங்கே, தாலிகட்டும் விருந்தும் ஒஸ்லோவில் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு மேரின் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"புஷ்பா, கோபிக்காதேங்கோ. தாலி கட்டட்டும், எங்கடை ஆக்களும் கட்டுறதுதான். கூறை உடுக்கட்டும். குத்துவிளக்குக் கொளுத்தட்டும். ஆனா கோபுரத்துக்குக் கீழை என்ரை பிள்ளையை இருத்தேலாது. அது மட்டும் என்னாலை ஏலாது."

குகதாசன் கேக்கைப் பார்த்தார். வின்சென்ற் யன்னலைப் பார்த்தார்.

"பின்னாலை ஒரு பூத்திரை காணும் அம்மா," என்றாள் ஆரணி மெல்ல. "வாடகைக்கு எடுக்கலாம். டெ கோர் ப்ரா."

எல்லாம் சரியாகப் போகும் என்று மகள் நோர்வீஜிய மொழியில் சொன்னால், ஒன்றும் சரியில்லை என்பது புஷ்பராணிக்குத் தெரியும். பிள்ளை யாரோடும் சண்டைக்குப் போகாமல் கலியாணத்தை முடிக்கப் பார்க்கிறாள். புஷ்பராணி கேக்கின் மிச்சத்தைத் தின்று முடித்தாள். இத்தனை பேருடைய பிள்ளைகளை இருத்திய கைக்குத் தன் பிள்ளையை இருத்த இடமில்லையா என்று நினைத்தாள். கேக் நல்லாயிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அப்போது கடைக்குள் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்து எதையோ கேட்டது. மேரின் ஆணியில் தொங்கிய பெரிய இரும்புத் திறப்பொன்றை எடுத்தாள்.

"வாறீங்களே, புஷ்பா? பாலத்துக் கோயிலைத் திறக்கவேணும். பாக்க வாற சனத்துக்குத் திறந்துவிடுறது நான்தான்."

வெளியே வந்ததும் பாலம் முன்னால் கிடந்தது. அகலமான மெத்தனமான ஆறு, அதன்மேல் பழைய கல்லுப்பாலம். கைகூப்பினதுபோல் மேலே கூர்ந்த வளைவுகள். வளைவுகளின் கீழே அன்னங்கள். நடுவில், பாலத்தோடு பாலமாக, தண்ணீருக்குள் கால் ஊன்றி எழும்பிய சின்னக் கல் அறை ஒன்று, கூரையும் யன்னலும் வாசலுமாக.

"அதுதான் கோயிலோ?"

"ஓம். அந்தக் காலத்திலை ஆத்தைக் கடக்கிற ஆக்கள் உள்ளை போய்ச் செபிச்சுப்போட்டுத்தான் போவினமாம். திறப்பு எங்கடை கடையிலை. பட்டினத்து ஆக்களே எங்களை நம்பித் தந்தது." அதைச் சொல்லும்போது மேரின் ஒரு விரலளவு உயர்ந்துவிட்டதுபோலிருந்தது.

புஷ்பராணி நடக்காமல் நின்றாள். நடுவில் கூரை. இரண்டு பக்கமும் வளைவுகள். கீழே இரண்டு பேர் இருக்க அளவாக ஒரு வாசல். இதைவிட மணவறை வேறு எப்படி இருக்கும்? கைப்பேசியை எடுத்துக் கரையில் நின்றபடியே படமெடுத்தாள். கடைப்பக்கத்துக் கரையிலிருந்து நடுக்கோயில் வரைக்கும், ஒவ்வொரு கல்லாக. அதற்கு மேல் எடுக்கவில்லை. பாதி போதும்தானே.

ஒஸ்லோவுக்கு வந்து ஆரணியிடம் சொன்னாள். ஆரணி ஜெனுசனிடம் சொன்னாள். ஜெனுசன் தாயிடம் சொன்னான். அன்று பின்னேரமே மேரினின் தொலைபேசி வந்தது.

"பாலமோ?"

"ஓம், மேரின் அக்கா. உங்கடை பாலம்."

மறுமுனையில் கடையின் மணி அடித்தது, யாரோ பால் வாங்கினார்கள், காசுப்பெட்டி மூடியது. "கோயிலுக்குள்ளை என்ன வைப்பியள்?"

"பிள்ளையள் ரெண்டு பேரையும் வைப்பம். வேறை ஒண்டும் இல்லை."

"சரி, செய்யுங்கோ. பூத்திரைக்காரனை நிப்பாட்டாதேங்கோ. நான் வந்து பார்த்துப்போட்டுத்தான் சொல்லுவன்."

அது போதும் என்றிருந்தது புஷ்பராணிக்கு. பிள்ளையாருக்குப் போர்வை போர்த்து மூலைக்கு நகர்த்தினாள். தூண்களைக் குகதாசன் தூக்கிக்கொண்டுபோய் நிலவறையில் அடுக்கினார்.

"இவ்வளவு நாளும் கோயில் கட்டினீர். இப்ப பாலம். இனி ஆறும் விடப்போறீரோ கராஜுக்குள்ளை?"

"கதைக்காமல் அந்தப் பலகையைப் பிடியுங்கோ."

வசந்தம் முழுக்கக் கம்பி ஓடியது. ரெஜிபோம் துகள் அவளுடைய தலையிலும் சோற்றுக் கோப்பையிலும் குகதாசனின் வேலைச் சீருடையிலும் பனிபோலப் படிந்தது. கோபுரத்தில் எல்லாமே கூராகவும் புதிதாகவும் இருக்கவேண்டும். பாலத்துக்கு அது சரிவரவில்லை. கல் தேய்ந்தும் விளிம்பு உடைந்தும் இருக்கவேண்டியிருந்தது. முதலில் கை மறுத்தது. பிறகு பார்ணஹாகேயில் ஒரு பிள்ளை பிஸ்கற்றைக் கடித்து வைத்திருந்த விளிம்பைப் பார்த்து, அப்படியே கம்பியை இழுத்தாள். கல் வந்துவிட்டது. ஒரு பாதி முடிந்ததும் அச்சுகளைத் திருப்பிப் போட்டு மற்றப் பாதியையும் வெட்டினாள். நடுவில் கோயிலை நிறுத்தினாள். எட்ட நின்று பார்த்தாள். இடமும் வலமும் கண்ணாடி பிடித்ததுபோல் நின்றன. இதுவரை செய்ததில் இதுதான் நல்லது என்று அவளுக்கே தெரிந்தது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

கலியாணம் நடக்கிற கிழமையின் தொடக்கத்தில் மேரினும் வின்சென்றும் வந்து இறங்கினார்கள். சாப்பிட்டு முடியுமட்டும் மேரின் கராஜைப் பற்றிக் கேட்கவில்லை. புஷ்பராணியும் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் எழும்பிப் போனார்கள். குகதாசன் கராஜ் கதவை மேலே தூக்கினார். பகல் வெளிச்சம் பாலத்தில் விழுந்தது.

"அப்பனே," என்றார் வின்சென்ற். "கையாலை தொடலாமோ?"

மேரின் பாலத்தடிக்கு வந்தாள். இடது கோடியிலிருந்து வலது கோடி வரை மெல்ல நடந்தாள். திரும்பி நடந்தாள். பிறகு நின்று சொன்னாள்.

"வேலை நல்ல வேலை. ஆனா இது எங்கடை பாலம் இல்லை."

ஆரணி கண்ணை மூடினாள்.

"என்ன அக்கா பிழை?" புஷ்பராணியின் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அந்தக் கரைப்பக்கம் கடைசி ரெண்டு வளைவும் இப்பிடிக் கூர் இல்லை. அது உருண்டை. நான் நாளாந்தம் பூசைக்குப் போற வழி. எனக்குத் தெரியாதே?"

புஷ்பராணி கைப்பேசியை எடுத்துப் படங்களைத் தள்ளினாள். மேரின் எட்டிப் பார்த்தாள்.

"மற்றப் பக்கம் எங்கை?"

"மற்றப் பக்கம் எடுக்கேல்லை."

"ஏன்?"

"திருப்பிப் போட்டால் வரும்தானே."

வின்சென்ற் சிரிக்கத் தொடங்கினார். நிற்கமுடியாமல் ஒரு பெயின்ற் வாளியில் இருந்துகொண்டு சிரித்தார். "பாதிப் பாலத்தைப் பார்த்துப்போட்டு மற்றப் பாதியைத் தானே கட்டியிருக்கிறா. இங்கிலீசுக்காரனுக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் அந்தப் பாலம் அரைவாசிக் காலத்திலை முடிஞ்சிருக்கும்." சிரிப்பு அடங்கினபிறகு விளக்கம் சொன்னார். பழைய காலத்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த சண்டையில் ஒரு பக்கத்து ஆமி அந்த இரண்டு வளைவையும் உடைத்துவிட்டதாம். பிறகு கட்டினவர்கள் தங்கள் காலத்து வழக்கப்படி உருண்டையாகக் கட்டிவிட்டார்களாம்.

"பாலத்தை உடைக்கிறது எல்லா ஊரிலும் ஒண்டுதான்," என்றார் குகதாசன்.

புஷ்பராணி அதைக் கேட்கவில்லை. அவளுடைய கண் வலப்பக்கத்திலேயே நின்றது. அந்த இரண்டையும் வெட்டி உருண்டையாக்கினால் இடமும் வலமும் ஒத்துவராது. மண்டபத்தில் உள்ள சனம் முழுவதும் அதைப் பிழை என்று சொல்லும். தக்ஷாயினி சாகுமட்டும் சொல்லுவாள். வெட்டாமல் விட்டால் ஊர் மெச்சும். ஆனால் அது மேரினின் பாலம் இல்லை, மகள் பூத்திரைக்கு முன்னால் இருப்பாள்.

இவ்வளவையும் யோசித்தாள். ஆனால் அவளை அசைத்தது இதெல்லாம் இல்லை. இந்த மனிசி சொல்வது உண்மை. நிற்கிற பாலம் அப்படி இருக்கும்போது, தான் இப்படிக் கட்டினது பிழை. தாமரை தலைகீழாக நின்றதைவிடப் பெரிய பிழை.

கம்பியின் மின் ஆளியைப் போட்டாள்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்? கலியாணம் இந்தச் சனிக்கிழமை," என்றாள் ஆரணி.

"தெரியும். உங்கடை அப்பாவைப் பலகையைப் பிடிக்கச் சொல்லு. மேரின் அக்கா, எவ்வளவு உருண்டை? இஞ்சை கீறிக் காட்டுங்கோ."

மேரின் பென்சிலைக் கையில் வாங்கித் தயங்கினாள். பிறகு ரெஜிபோமில் ஒரு வளைவு போட்டாள். அழித்தாள். "இல்லை, இவ்வளவு உயரமில்லை, கொஞ்சம் பதிவு. பானை வாய் மாதிரி." மறுபடியும் போட்டாள். புஷ்பராணி அந்தக் கோட்டில் கம்பியை ஓட்டினாள். கூர் கழன்று கீழே விழுந்தது.

மறுநாள் காலை மேரின் தானாகவே ஒரு பழைய சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு கராஜுக்கு வந்தாள். புதிதாக வெட்டிய வளைவுகளுக்குப் பஞ்சால் வர்ணம் ஒற்றவேண்டியிருந்தது.

"மஞ்சள் கூடிப்போச்சு. எங்கடை கல் அரிசி கழுவின தண்ணி மாதிரி."

"இது காணுமே?"

"இன்னும் கொஞ்சம். ம். இஞ்சை கீழை பாசி பிடிச்சிருக்கும். பச்சையைத் தாங்கோ. இல்லை, நீங்கள் விடுங்கோ, உங்களுக்குத் தெரியாது, நான் பூசுறன்."

உங்களுக்குத் தெரியாது என்று தன் கராஜில், தன் வர்ண வாளிக்கு மேலே நின்று ஒருத்தி சொல்வதைப் புஷ்பராணி இதற்குமுன் கேட்டதில்லை. பச்சையை எடுத்துக் கொடுத்தாள். மேரின் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு பூசினாள். கடை வாங்கிய புதிதில் ஒருவரும் முகம்கொடுத்துக் கதைக்காதது, பிறகு ஒரு வெள்ளத்தில் பாலத்தடிச் சனம் முழுவதற்கும் கடை மேல்மாடியில் தேத்தண்ணி ஊற்றியது, அதன்பிறகு திறப்பு கைக்கு வந்தது. பின்னேரமாகும்போது அவளுடைய மூக்கில் பச்சை, தலைமயிரில் ரெஜிபோம். எட்ட நின்று பார்த்தாள்.

"பூத்திரைக்காரனுக்கு எடுத்துச் சொல்லுங்கோ," என்றாள். "அவன் வரத் தேவையில்லை."

புஷ்பராணி ஓம் என்றாள். கைப்பேசியை எடுக்க வீட்டுக்குள் போனவள், குசினியில் யாரும் இல்லை என்று பார்த்து, இரண்டு கையாலும் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். கோப்பைகள் குதித்தன.

சனிக்கிழமை காலை மழை. காருக்குப் பின்னால் பூட்டும் ஹெங்கர்களில் பாலத்தைத் துண்டு துண்டாக ஏற்றி, பிளாஸ்ரிக்கால் போர்த்துக் கட்டினார்கள். குகதாசன் ஆமைபோல ஓட்டினார். பின்னால் வந்த கார்கள் பொறுமை இழந்து முந்தின. "என்ரை மகளின்ரை பாலம் போகுது, கொஞ்சம் பொறுங்கோ," என்று அவர் கண்ணாடிக்குச் சொன்னார். ஹவுகெட்டோவுக்குப் பக்கத்து மண்டபத்தில் மேடை முழுவதையும் பாலம் எடுத்துக்கொண்டது. கீழே நீலச் சீலையை நெளித்து விரித்தார்கள்; ஆறு வந்துவிட்டது. விளக்குகளைப் போட்டபோது வளைவுகளின் நிழல் சீலையில் விழுந்தது.

சனம் உள்ளே வந்தது. வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முட்டினார்கள். தாம்பூலம் எடுக்கவும் சந்தனம் பூசவும் மறந்து கழுத்தை நீட்டினார்கள். எல்லிங்ஸ்ருட்டில் பக்கத்து வீட்டில் இருக்கும் கோதை, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள், புஷ்பராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பக்கம் மேடைன்னா பூ அலங்காரம்தாங்க. இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல. எங்க பொண்ணு அனுஷாவுக்கு மயிலாப்பூர் தெப்பக்குளம் செஞ்சு தருவீங்களா?"

"செய்யலாம். ஆனா குளத்தை நான் நேரிலை பாக்கவேணும். நாலு பக்கமும்."

பக்கத்தில் நின்ற குகதாசன் மேலே பார்த்தார். அடுத்த பனிக்காலமும் கார் வெளியில்தான்.

தக்ஷாயினி அப்போதுதான் வந்தாள். மேடையை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தாள். வலப்பக்கம் வந்ததும் அவளுடைய முகம் மலர்ந்தது.

"ஐயோ மச்சாள், கடைசி ரெண்டும் பிழைச்சுப்போச்சே. இந்தப் பக்கம் கூர், அந்தப் பக்கம் உருண்டை. நேரம் காணாமல் போயிட்டுதோ?"

பக்கத்திலிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். புஷ்பராணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பட்டுச்சீலை சரசரக்க மேரின் வந்து நின்றாள். நகத்தின் ஓரத்தில் இன்னும் பச்சை போகவில்லை.

"ஆர் சொன்னது பிழையெண்டு?"

"இல்லை, ரெண்டு பக்கமும் ஒத்துவரேல்லை எண்டு..."

"ஒத்துவராது. அது அப்பிடித்தான். உண்மையான பாலமே அப்பிடித்தான். ஒத்துவந்திருந்தால்தான் பிழை. நீங்கள் ஆல்டன்ஃபோர்ட் பாத்திருக்கிறீங்களே?"

"இல்லை," என்றாள் தக்ஷாயினி.

"அப்ப வாங்கோ." மேரின் அவளுடைய கையைப் பிடித்து மேடையடிக்கு நடத்திக்கொண்டு போனாள். "இது சண்டையிலை உடைஞ்ச இடம். இது பாசி. இந்த ரெண்டு வளைவையும் புஷ்பாவும் நானும்தான் கட்டினது."

புஷ்பாவும் நானும். மண்டபத்தின் அந்த மூலையிலிருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படியாக. புஷ்பராணி சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். இதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

சின்னக் கோயிலின் வாசலில் ஆரணி கூறையில் இருந்தாள், பக்கத்தில் ஜெனுசன் வேட்டியில். தலைக்குமேல் கல்லுக்கூரை, முன்னால் குத்துவிளக்கு. கெட்டிமேளம் முழங்கியது. மண்டபம் எழும்பி நின்றது. தாலி ஏறியபோது ஆரணி நிமிர்ந்து கூட்டத்துக்குள் தாயைத் தேடினாள். கண்டுபிடித்ததும் சிரித்தாள். அதில் டெ கோர் ப்ரா இல்லை, முழுச் சிரிப்பு.

படமெடுக்கும் நேரம் வந்தது. இரண்டு குடும்பமும் மேடையில் நின்றன. படம் பிடிப்பவன் கிட்ட வந்து, மணமக்களையும் கோயில் வாசலையும் மட்டும் பிடிக்கப் பார்த்தான். எல்லாக் கலியாணத்திலும் எடுக்கிறதுபோல.

"தம்பி," என்றாள் புஷ்பராணி, "எட்டப் போம். பாலம் முழுக்க விழவேணும்."

"வலது பக்கம் ஒத்துவரேல்லை அன்ரி. நடுவைத் தனியா எடுத்தால் வடிவா இருக்கும்."

"ரெண்டு கரையும் வேணும்," என்றார்கள் புஷ்பராணியும் மேரினும் ஒரே நேரத்தில்.

வின்சென்ற் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். அவன் எட்டப் போனான், இன்னும் எட்டப் போனான், கடைசியில் சாப்பாட்டு மேசையில் முதுகு முட்டும்வரை போனான். அங்கேயிருந்து எடுத்த படம்தான் இப்போது எல்லிங்ஸ்ருட்டிலும் ஆல்டன்ஃபோர்ட் கடையிலும் தொங்குகிறது. கடையில் அது திறப்புத் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில். மணமக்கள் அதில் சின்னதாகத்தான் தெரிவார்கள். பாலம் முழுதாக இருக்கிறது.